பட்டனுக்கு ஒரு விலாசம்

ஈஸ்டர் கழிந்தால் பவுலினுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் அவள் வீடு. ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, ஆள் திரும்பினால் சுவர் இடிக்கிற சமையற்கட்டு. அவ்வளவுக்குள்ளும் ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளைத் துணி வெள்ளம் மாதிரி ஏறிவிடும். சர்ச்சில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குகிற பிள்ளைகளின் ஃபிராக்குகள் கொடியில் தொங்கும். கல்யாணப் பெண்களின் கவுன்கள் கதவு ஆணியிலும் பீரோ கைப்பிடியிலும் நிற்கும். புருஷன் ரவி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பள்ளிக்கு லீவு விட்டதும் அவன் கைக்கு இஸ்திரிப் பெட்டி வந்துவிடும். பவுலின் தைத்துப் போடப் போட, சாட்டின் துணியைக் கருக்காமல், பளபளப்புப் போகாமல், மேலே மல் துணி விரித்துத் தேய்ப்பான்.

இந்த வெள்ளைக்கு நடுவில்தான் கன்னங்கரேலென்று ஒரு நாய் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவள் மகள் நிக்கோல். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அங்கே அவளுக்கு மேலே டீம் லீடாக இருக்கும் ஸ்னேஹா, கோயம்புத்தூர்ப் பெண், தெருநாய்களைக் காப்பாற்ற ஒரு குழு நடத்தினாள். ஹென்னூர்ப் பக்கம் பாதியில் நின்ற கட்டடம் ஒன்றின் குழியில், பின்னங்கால் ஒடிந்து கிடந்த குட்டியைத் தூக்கி வந்தார்கள். ஆபரேஷன் ஆகி, கால் கூடி, யாராவது தத்தெடுக்கிறவரை ஒரு வீட்டில் இருக்க வேண்டும்.

“ரெண்டு வாரம் மம்மி. ஃபாஸ்டர்னு சொல்வாங்க. நம்ம நாய் இல்ல. நல்ல வீடு கெடைக்கிற வரைக்கும் நம்மகிட்ட இருக்கும், அவ்ளோதான்.”

“வெள்ளத் துணில கறுப்பு மயிரு ஒட்டிச்சுன்னா எந்தப் பொண்ணோட அம்மாவும் என்னை சும்மா விடமாட்டா, பாத்துக்கோ” என்றாள் பவுலின். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ரெண்டு வாரம் ஒரு மாதமாயிற்று. குழு அதற்கு வைத்த பெயர் ஆலிவ். “எண்ணெ பேரா?” என்று கேட்டுவிட்டு பவுலின் பட்டன் என்று கூப்பிட்டாள். தையல் மிஷின் மேசைக்கு அடியில் இருட்டோடு இருட்டாக உட்கார்ந்திருக்கும்போது, கோட்டுப் பட்டன் மாதிரி ரெண்டு கண் மட்டும்தான் தெரியும்.

மேசைக்கு அடிதான் அதன் உலகம். வாடிக்கைக்காரர்கள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். யாராவது குனிந்து, “அய்யோ, எவ்ளோ க்யூட்டு” என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க சாப்பாடு கிடையாது. ஹெல்மெட்டைப் பார்த்தால் நடுங்கும். ரவி பீஃப் கொழுப்பும் மஞ்சளும் போட்டுக் குழைய வேகவைத்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வான்.

“நான் பாக்கல. நீ துண்ணு” என்பான் சுவரிடம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நக்குகிற சத்தம் கேட்கும்.

பவுலின் ஒருத்திக்குத்தான் வேறு கணக்கு. வீட்டில் ஆளில்லாத மத்தியானங்களில் அவள் மெதுவாக “பட்டன்” என்பாள். அது தவழ்ந்து வந்து அவள் பாதத்தின்மேல் தாடையை வைக்கும். மிஷின் ஓட ஓட அந்தத் தாடை அதிரும். அதற்கு அது பிடித்திருந்தது.

“நாமளே வெச்சுக்கலாமே” என்றான் ரவி ஒருநாள்.

“எதுக்கு? சாகுற வரைக்கும் மேசைக்கு அடில குந்தறதுக்கா? காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இங்க ஆளு வந்து போய்க்கினே இருக்குது. என் பொழப்பு அப்படி. இது எனக்குப் புடிச்ச நாய்தான். ஆனா இந்த வீடு அதுக்குப் புடிச்ச வீடு இல்ல.”

தத்தெடுக்க வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். வொய்ட்ஃபீல்டிலிருந்து வந்த ஜோடி மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பிஸ்கட்டை நீட்டி நீட்டிப் பார்த்தது. “எங்களுக்குக் கொஞ்சம் பாசமான நாயா வேணும்” என்று எழுந்துகொண்டது. இன்னொருத்தர் வாசலிலிருந்தே, “இது குரைக்குமா?” என்று கேட்டார். குரைத்ததே இல்லை என்றதும் போய்விட்டார்.

மே மாதம் பிறந்த வாரத்தில் ஸ்னேஹா சந்தோஷமாக வந்தாள். கூட வந்தவர் ராஜேஷ்குமார். மார்பிள், கிரானைட் வியாபாரம். கல்யாண் நகரில் சொந்த வீடு, சுற்றிலும் தோட்டம். குழு நாய்களை வைத்திருக்கும் ஷெல்டருக்கு மழைக்கு முன்னால் கூரை போட்டுத் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

“அஞ்சு நாய் வளத்திருக்கேன்மா” என்றார் உட்கார்ந்ததுமே. “அல்சேஷன், டாபர்மேன் எல்லாம். நாய்க்கு ஒண்ணுதான் தெரியணும். எஜமான் யாருன்னு.”

“இது கொஞ்சம் பயந்த சுபாவம் சார். அதுவா வரணும்” என்றாள் பவுலின்.

“அதுவா வர்றதுன்னா எப்ப வர்றது? பழக்கணும்.” அவர் குனிந்து நாயின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தார். வெளியே இழுத்தார்.

பட்டன் தரையோடு தரையாகத் தட்டையாகிவிட்டது. நகங்கள் மொசைக் தரையில் கீறின. கழுத்துப் பட்டை காதுவரை ஏறியது. இன்னும் ஒரு இழுப்பு. மேசைக்குப் பக்கத்தில் பாய் விரித்து, மணி கோப்பதற்காகப் பரப்பி வைத்திருந்த கல்யாண கவுனின் நீண்ட வால்பகுதிமேல் நாய் வந்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. வெள்ளை சாட்டினில் மஞ்சள் மெதுவாகப் படர்ந்தது.

“அய்யய்யோ” என்றாள் ஸ்னேஹா.

“பாத்தீங்களா, இதுதான் செல்லம் குடுத்த கோளாறு” என்றார் ராஜேஷ்குமார். “ஒரு வாரம். ரெண்டு போட்டா சரியாயிடும்.”

பவுலின் துணியைப் பார்க்கவில்லை. எழுந்து போய் அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடித்தாள்.

“விடுங்க.”

“என்னம்மா?”

“கயித்த விடுங்க சார். நாய் உங்களுக்குக் கெடையாது.”

அவர் ஸ்னேஹாவைப் பார்த்தார். ஸ்னேஹாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவரை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

“ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. யாருக்குக் குடுக்கறதுன்னு ஃபாஸ்டர் முடிவு பண்ண முடியாதுங்க. அவரு கொஞ்சம் பழைய காலத்து ஆளு, அவ்வளவுதான். வீடு இருக்கு, தோட்டம் இருக்கு. இதை விட்டா இந்த நாய்க்கு வேற யாருங்க வருவாங்க? வர்ற ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறோம்.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் ஒரு வீடு பாக்கறேன்.”

“நீங்க எங்கீங்க பாப்பீங்க?”

ஸ்னேஹா போனபிறகு பவுலின் கவுனின் தையலைப் பிரித்து, கறைபட்ட துணியை எடுத்துவிட்டு, புது சாட்டின் வெட்டி ஒட்டுப் போட்டாள். கல்யாணம் சனிக்கிழமை. முதுகு விட்டுப்போகிற வேலை. ரவி டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

கவுன் வெட்டின மிச்ச சாட்டினை பவுலின் வீணாக்குவதில்லை. அதில் சின்னச் சின்னத் தலையணையும் சுருக்கு வைத்த ஓரத்துணியும் தைத்து, கல்லறைத் தோட்டத்து கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சவப்பெட்டிக் கடைக்குக் கொடுப்பாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே சாட்டின் சுருளில்தான் துணி. இதைக் கல்யாண வீட்டாரிடம் அவள் சொல்வதில்லை.

புதன்கிழமை மத்தியானம் தலையணை மூட்டையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்தாள். வீட்டில் அன்று புதுநன்மைப் பிள்ளைகள் ரவி தேய்த்து வைத்த ஃபிராக்குகளை வாங்கக் கும்பலாக வருவதாக இருந்தது. அந்தக் கூச்சலில் நாயை விட மனமில்லாமல் அதையும் கால்களுக்கு நடுவில் உட்காரவைத்துக்கொண்டாள்.

சவப்பெட்டிக் கடையில் உள்துணி அடிக்கிற வேலை ஜெயலட்சுமியுடையது. அவள் புருஷன் அய்யாவு கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவன். மதிலுக்கு உள்ளேயே அவர்களுக்கு ஓட்டு வீடு. வீட்டுக்குள் புத்தர் படம் ஒன்று, மகள் ரக்ஷிதாவின் டிப்ளமா படம் ஒன்று. மகள் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே ஹாஸ்டலில் இருந்தாள்.

ஜெயா உதட்டுக்கு நடுவில் நாலைந்து சின்ன ஆணிகளைக் கவ்வியபடி, பெட்டிக்குள் குனிந்து துணியை இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தாள். ஆணி வாயில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள். நாயை அவள் பார்க்கவே இல்லை. பட்டன் நேராக அவள் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் மே மாத மழை, சொல்லாமல் கொள்ளாமல் வருவது. கடையின் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுந்து காதை அடைத்தது. நாய் பயந்து ஓடிவிடும் என்று பவுலின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். அது ஓடவில்லை. மழை விட்டதும் ஜெயா கடையைப் பூட்டி, கேட்டைத் தாண்டித் தன் வீட்டுக்கு பவுலினைக் கூட்டிப்போனாள். வாசலில் அவள் கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணிக் களியோடு வைத்துக் கொடுத்தாள்.

“கயித்த விடுக்கா. சுத்தி மதிலு. எங்க ஓடப்போவுது?”

பவுலின் தயங்கித்தான் விட்டாள். பட்டன் படியிலேயே நின்றது. பிறகு ஒரு காலை ஈரப் புல்லில் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. ஒரு சிலுவையை மோந்தது. அப்படியே அடுத்ததற்குப் போனது. ஒட்டின கால் லேசாக இழுத்தாலும் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பவுலின் கையிலிருந்த களி ஆறிப்போனது. அதன் வால் இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சாவு வந்தது. பாண்டு வாத்தியம், முப்பது நாற்பது ஆள், அழுகை. பவுலின் பதறி எழுந்தாள். ஜெயா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கூட்டம் அழுதபடி கடந்து போனது. நாய் ஒதுங்கி நின்றது. கூட்டத்துக்குப் பின்னாலேயே மெதுவாகப் போய், மண்வெட்டியை ஊன்றி நிற்கும் அய்யாவுக்குப் பின்னால், வெட்டிப் போட்ட செம்மண் குவியலின்மேல் உட்கார்ந்தது. யாரும் குனியவில்லை. யாரும் கூப்பிடவில்லை. யாரும் கையை நீட்டவில்லை.

“இங்க வர்றவங்க நாயப் பாக்கவா வர்றாங்க?” என்றாள் ஜெயா. “அவங்கவங்க துக்கம் அவங்கவங்களுக்கு.”

பவுலினுக்கு வாயில் வார்த்தை நிற்கவில்லை. “வெச்சுக்கிறியா ஜெயா?”

ஜெயா எழுந்து போனாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

“எங்களுக்குக் குடுப்பாங்களாக்கா? போன வருஷம் ஃபிரேசர் டவுன்ல ஒரு ஃப்ளாட்ல சமையல் வேலைக்குப் போனேன். ரெண்டு நாளு நல்லா சாப்ட்டாங்க. மூணாம் நாளு வீடு எங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். நாளைலேர்ந்து வேணாம்னுட்டாங்க. ரக்ஷிதாகூட ஹாஸ்டல்ல இந்த விலாசத்த மறைச்சு வேற விலாசம் எழுதிக் குடுத்திருக்குது. அதும்மேல எனக்குக் கோவம். இதுல நாய்க்கு வீடு பாக்குறவங்க எங்களுக்குக் குடுத்துடுவாங்களா?”

“உனக்கு வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு.”

ஜெயா செம்மண் குவியலைப் பார்த்தாள். “வேணும்” என்றாள்.

அன்று சாயங்காலம் நிக்கோல் போனில் ஸ்னேஹாவிடம் சொன்னாள். ஸ்பீக்கரில் பதில் எல்லாருக்கும் கேட்டது. “கல்லறையிலயா? நிக்கோல், விளையாடறியா? ஃபோட்டோ போட்டா கமென்ட்ல கிழிச்சிருவாங்க. ராஜேஷ்குமார் சாருக்கு வாக்குக் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை வர்றோம்.”

நிக்கோல் போனை வைத்தாள். “ஆஃபீஸ்ல எனக்கு அப்ரைசல் எழுதறது அவங்கதான் மம்மி.”

“தெரியும்.”

“சும்னே, சும்மாதான் சொன்னேன். பட்டன அங்கயே கொண்டுபோய் விட்டுடலாம். நானும் வர்றேன்.”

கவுனைக் கொடுத்தனுப்பிய சனிக்கிழமையே பவுலினும் நிக்கோலும் பட்டனைக் கொண்டுபோய் ஜெயாவிடம் விட்டார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது வீட்டு வாசலில் கார் நின்றது. ராஜேஷ்குமார் நெற்றியில் விபூதியோடு, ஸ்னேஹாவுடன் உள்ளே இருந்தார். பவுலின் பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு காரின் பக்கத்தில் போய் நின்றாள்.

“நாய் இங்க இல்ல. ஒளிச்சு வெக்கல. வாங்க, காட்டறேன்.”

பவுலினும் நிக்கோலும் ஸ்கூட்டரில் முன்னால் போக, பின்னாலேயே வந்த கார் கல்லறைத் தோட்டத்து கேட்டில் நின்றது. ராஜேஷ்குமார் இறங்கினார், ஆனால் உள்ளே வரவில்லை. “குளிச்சு கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கேன். இதுக்குள்ளெல்லாம் நான் வர மாட்டேன்” என்றார். அங்கேயே நின்று விரலை மடக்கி ஒரு விசில் அடித்தார். தூரத்தில் கறுப்பாக ஒன்று ஓடி ஓட்டு வீட்டுக்குள் மறைந்தது.

“ஸ்னேஹா, இது எனக்கு சரிப்படாது. கூரை விஷயம் அப்பறம் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு காரில் ஏறினார்.

ஸ்னேஹா நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணில் தண்ணீர். “ஆன்ட்டி, ஷெல்டர்ல நாப்பது நாய் நனையப் போகுதுங்க. ஜூன்ல மழை பிடிச்சா நான் எங்க கொண்டு வைக்கறது? உங்களுக்கு ஒரு நாய்தாங்க. எனக்கு நாப்பது.”

அது பவுலினுக்குத் தைத்தது. ஸ்னேஹா பொய் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னாள்: “கூரை வேணும்தான். அதுக்கு நான் எங்க வேணாலும் வந்து கேக்கறேன், எங்க பேரிஷ் கோயில்லயும் கேக்கறேன். ஆனா அதுக்கு வெலையா இத குடுக்க முடியாது.”

அதற்குள் ஜெயா வெளியே வந்துவிட்டாள். கையில் மாவு.

“இவங்கதானா? வாங்க, உள்ள வந்து பாருங்க.”

“நாங்க கஷ்டப்பட்டுக் காப்பாத்துன நாயிங்க” என்றாள் ஸ்னேஹா. “கொண்டுபோய்க் கல்லறையில விட்டுட்டாங்கன்னு நாலு பேரு கேட்டா என்னங்க சொல்றது?”

“விடல” என்றாள் ஜெயா. “யாரும் எங்கயும் விடல. எங்க வீட்ல குடுத்திருக்காங்க. கதவு இருக்குது, ஓடு இருக்குது, ரெண்டு வேள சோறு இருக்குது. பொணத்த இங்க கொண்டாந்து வெக்கும்போது மட்டும் நல்ல எடம், அமைதியான எடம்னு சொல்றீங்க. உசுரோட இருக்கறவங்க இருந்தா மட்டும் கலீஜா?”

“நான் அப்படிச் சொல்லலைங்க.”

“சொல்லல. நெனச்சீங்க.”

நிக்கோல் முன்னால் வந்தாள். “ஸ்னேஹா, நாளைக்கு ஆஃபீஸ்ல நீங்க என்ன வேணா பண்ணுங்க. பட்டன் இங்கதான் இருக்கும்.”

ஸ்னேஹா அவளைப் பார்த்தாள். “ஆஃபீஸ எதுக்கு இதுல இழுக்கற?” என்று மெதுவாகச் சொன்னாள். வேறு சண்டை போட அவளிடம் தெம்பு இல்லை. உள்ளே போய் ஓட்டு வீட்டின் படியில் உட்கார்ந்துகொண்டாள். ஜெயா மாவு பிசையப் போய்விட்டாள். அய்யாவு நாளைய குழிக்கு நூல் பிடித்துக் கொண்டிருந்தான். ஒருத்தரும் நாயைப் பற்றிப் பேசவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு பட்டன் முழுசாக வெளியே வந்து, ஸ்னேஹாவின் முழங்கையை உரசினாற்போலப் படியிறங்கி, வாளியில் தண்ணீர் குடித்தது. சிலுவைகளுக்கு நடுவில் நடந்து அய்யாவுக்குப் பக்கத்தில் போய், நூலை மோந்து, உட்கார்ந்தது.

“நடக்குதுங்க” என்றாள் ஸ்னேஹா. யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “இது நடந்து நான் பாத்ததே இல்லைங்க. குழியிலேர்ந்து தூக்குனதுதான். அப்பறம் எப்பவும் மேசைக்கு அடியில…”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். “மாசத்துக்கு ஒருதடவ வந்து பாப்பேன். எல்லா வீட்டுக்கும் பாக்கறதுதான்.”

“வாங்க. சாப்ட்டுட்டுப் போறாப்பல வாங்க” என்றாள் ஜெயா.

தத்துக் கொடுத்தால் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துப் போடுவது குழுவின் வழக்கம். ஸ்னேஹா சுற்றிலும் பார்த்துவிட்டு, காகிதப் பூச்செடி படர்ந்த மதிலைக் காட்டினாள். “அங்க நில்லுங்க. பின்னாடி பூ மட்டும்தான் தெரியும்.”

“அங்க வேணாம்” என்றாள் ஜெயா. “கேட்டுல எடு.”

“கேட்டுல கல்லறை போர்டு படத்துல விழுமேங்க.”

“விழட்டும். அதான் எங்க விலாசம். ரக்ஷிதாவுக்கும் அனுப்பணும்.”

அய்யாவு வேலையை விட்டுவிட்டு, கை கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். ரெண்டு பேரும் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். கயிற்றோடு வந்த பட்டன் ஜெயாவின் புடவைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.

“ஆன்ட்டி, நீங்க ஒருதடவ கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டாத்தான் திரும்பும்.”

பவுலின் கொஞ்சம் தள்ளி, ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்தப் பேர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“கூப்ட்டா எங்கூட வந்துடும்” என்றாள். “கூப்ட மாட்டேன்.”

ஸ்னேஹா அப்படியே எடுத்தாள். படத்தில் நாய்க்கு முகமே இல்லை. புடவை ஓரத்தில் கறுப்பாக ஒரு முதுகும் நீளமான வாலும் மட்டும். அய்யாவு விறைப்பாக நின்றிருந்தான். ஜெயா மாவுக் கையை இடுப்பில் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் இரும்பு போர்டு, கன்னடம், இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும், ஓர் எழுத்துகூட வெட்டுப்படாமல் விழுந்திருந்தது.

ஜெயா போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

“இதையே போடு” என்றாள்.